பெருக்கியை மாற்றலாமா?

மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் கடைத் தெருவுக்குப் பின்புறம், ஓடு வேய்ந்த பழைய வீடொன்றில் நமக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். மூன்று தலைமுறைக்கு முன்னர்த் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அங்கேயே வேரூன்றிய குடும்பம். வாசனைப் பண்டக் கிடங்கொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் தீராத ஈடுபாடு உடையவர். இசைத்தட்டுகளைச் சுழற்றும் கருவி ஒன்று, 30 வாட் திறனுள்ள ஆம்ப்ளிபயர் ஒன்று, மரப் பெட்டிக்குள் அமைந்த ஸ்பீக்கர்கள் இரண்டு, இவையே அவர் தேடிய சொத்து என்று வீட்டார் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. 1980-களின் தொடக்கத்தில், பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை.

அண்மையில் அவர் நம்மை அழைத்து, "தம்பி, பாட்டு முன்னைப் போல் இல்லை. ராகம் கேட்கிறது, சாகித்தியம் பிடிபடமாட்டேன் என்கிறது. நடுநடுவே ஓர் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. பெட்டிக்கு வயதாகிவிட்டது. நூறு வாட்டில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்புவதாகத் துபாயிலிருந்து பையன் சொல்கிறான். வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அவர் மனைவியாரோ, "இருக்கிற சத்தமே தெருக்கோடி வரை கேட்கிறது. இன்னும் பெரிதாக வேறு வேண்டுமா?" என்றார். இருவர் சொல்லிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றியது.

நாம் பொறியியல் கற்றவர்கள் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி ஆற்றுபவர்கள். ஆயினும் தொழில்நுட்பத் தாள்களோடு பழகிய பழக்கத்தால், இக்கேள்விக்கு விடை தேட அதன் வரலாற்றையே புரட்டிப் பார்க்கலானோம். ஒரு கருவி எதற்காகப் பிறந்தது, எந்தக் குறையைத் தீர்த்தது, எந்தக் குறையைத் தீர்க்கவில்லை என்று தெரிந்தால், அதை மாற்றுவதா வேண்டாவா என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழில் 'ஒலிபெருக்கி' என்றால், கோயில் கோபுரத்திலும் பொதுக்கூட்ட மேடையிலும் கட்டப்படும் கூம்பு வடிவக் குழாய்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தக் குழாய் எதையும் பெருக்குவதில்லை. மின்னோட்டத்தின் துடிப்பைக் காற்றின் துடிப்பாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பெருக்கும் வேலையைச் செய்வது, மேடைக்குப் பின்னால் ஒரு மேசையின் மேல் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் மற்றொரு பெட்டி. அதை மக்கள் ஆம்ப்ளிபயர் என்கிறார்கள். கலைச்சொல் ஆக்கியோர் பெருக்கி என்றும் மிகைப்பி என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரே சொல் இரு பொருளுக்கும் வழங்குவதால், ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின் தலையில் ஏற்றிவிடுகிறோம். இக்கட்டுரையில் பெட்டியைப் பெருக்கி என்றும், ஒலி எழுப்புவதை ஸ்பீக்கர் என்றுமே குறிப்பிடுவோம்.

பெருக்கி வீட்டுச் சங்கீதத்திற்காகப் பிறந்ததன்று, தொலைபேசிக்காகப் பிறந்தது. 1876-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பியின் வழியே குரல் சென்றது. ஆனால் தொலைவு கூடக்கூடக் குரல் மெலிந்து, இறுதியில் மறைந்தே போயிற்று. மெலிந்த குரலுக்கு இடைவழியில் வலுவூட்டும் கருவி ஒன்று தேவைப்பட்டது. 1906-ஆம் ஆண்டில் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் 'ஆடியான்' என்னும் மூன்று முனை வால்வை அமைத்தார். பின்வந்தோர் அதைத் திருத்திச் செப்பனிட்டனர். 1915-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தொலைபேசித் தொடர்பு முறைப்படி தொடங்கியபோது, ஒரு கண்டத்தின் அகலத்தைக் குரல் கடந்ததற்கு வழியில் வைத்த வால்வுப் பெருக்கிகளே காரணம்.

ஆனால் ஒரு தீமை உடன் வந்தது. பெருக்கி ஒவ்வொன்றும் குரலைப் பெரிதாக்கும்போதே சிறிது திரித்தும் விட்டது. ஒரு பெருக்கியின் திரிபு காதுக்குத் தெரியாது. நூறு பெருக்கிகளை வரிசையாக வைத்தால், திரிபின் மேல் திரிபு ஏறி, பேச்சு பொருளற்ற முழக்கமாகிவிடும். இந்தச் சிக்கலோடு பல்லாண்டு போராடியவர் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளராகிய ஹரால்டு பிளாக். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலை, வேலைக்குச் செல்வதற்காக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. கையில் வேறு தாள் இல்லாமையால், அன்றைய 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அச்சிடாமல் விடப்பட்டிருந்த இடத்திலேயே படம் வரைந்து, கணக்கும் எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் கண்ட வழி இதுதான். பெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலிக்குறியின் சிறு பகுதியைத் திருப்பி எடுத்து, உள்ளே நுழையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையே வேற்றுமை தென்பட்டால், பெருக்கி அதை அக்கணமே திருத்திக்கொள்ளும். பெருக்கத்தின் அளவில் ஒரு பகுதியை இதற்காக இழக்க நேரும். அதற்கு ஈடாகத் திரிபு பன்மடங்கு குறையும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இதை ஒப்புநோக்குதல் என்போம். எழுதி முடித்த பக்கத்தை மூலத்தின் அருகே வைத்து வரி வரியாகப் படித்துத் திருத்தினால் வேகம் குறையும், பிழையும் குறையும். பெருக்கி இந்த ஒப்புநோக்கலை இடைவிடாமல் செய்கிறது. பொறியாளர்கள் இதை எதிர்ப் பின்னூட்டம் என்று வழங்குகின்றனர். பெருக்கத்தை வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும் இம்முறை அக்காலத்தவருக்கு விந்தையாகவே பட்டது. பிளாக் விண்ணப்பித்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, 1937-இல் காப்புரிமை கிடைத்தது. நம் வீட்டுப் பெருக்கிகளில் பெரும்பாலானவை இன்றும் அந்தப் படகில் பிறந்த எண்ணத்தைக் கொண்டே இயங்குகின்றன.

இதற்கிடையே பெருக்கி தொலைபேசிக் கம்பியை விட்டு மன்றங்களுக்குள்ளும் புகுந்தது. 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளும் தாள் கூம்பும் கொண்ட ஸ்பீக்கரை வெளியிட்டனர். இன்றைய ஸ்பீக்கர்களில் மிகப் பலவும் அவ்வமைப்பின் வழிவந்தவையே. இந்தியாவில் பெருங்கூட்டங்களுக்குப் பெருக்கியைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் நானிக் மோட்வானே. காந்தியடிகளின் மெல்லிய குரல் பின்வரிசை மக்களுக்கு எட்டாத குறையைக் கண்ட அவர், 1931-ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் பெருக்கியும் ஸ்பீக்கர்களும் அமைத்துக் கொடுத்தார். உரக்கப் பேச வல்லவர்தாம் பெருங்கூட்டத்தில் பேசலாம் என்ற நிலைமை அத்துடன் மாறத் தொடங்கியது.

தமிழ் இசையுலகிலும் அம்மாற்றம் புகுந்தது. 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டுமானால் உச்ச சுருதியில் பாட வேண்டும். அந்த வன்மை இல்லாதவருக்கு மேடை இல்லை. மைக்கும் பெருக்கியும் வந்த பிறகு, தாழ்ந்த சுருதியில் அமைதியாகவும் நுட்பமாகவும் பாடுபவருக்கும் இடம் கிடைத்தது. இதனால் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு என்று இசை அறிந்தோர் வாதிடுவர். பெருக்கி இசையின் அளவை மட்டுமன்றி இசையின் இயல்பையே மாற்றவல்லது என்பதற்கு அது ஒரு சான்று.

வீட்டுப் பெருக்கியின் வரலாற்றில் 1947-ஆம் ஆண்டு நினைவில் வைக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' என்னும் ஆங்கிலேயப் பத்திரிகையில், டி. டி. என். வில்லியம்சன் என்ற பொறியாளர் ஒரு பெருக்கியின் அமைப்பை விவரித்து எழுதினார். அதன் திறன் 15 வாட். அதன் திரிபோ ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. வால்வும் மின்மாற்றியும் வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் ஆர்வலர்கள் பல நாடுகளில் அந்த வரைபடத்தைப் பின்பற்றினர். 1953-இல் பீட்டர் வாக்கர் என்பவரின் நிறுவனம் 'குவாட் 2' என்னும் பெருக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதுவும் 15 வாட்தான். நம் காலத்தில் 15 வாட் என்று சொன்னால் கடைக்காரர் நகைப்பார். அன்றோ, வீட்டுக் கூடத்தில் வாத்திய இசையை நிறைவாகக் கேட்க அது போதும் என்று நன்கறிந்தவர்கள் கருதினார்கள்.

வில்லியம்சன் எழுதிய அதே 1947-ஆம் ஆண்டு டிசம்பரில், பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டன், ஷாக்லி ஆகியோரின் முயற்சியால் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது வீட்டுப் பெருக்கியில் வால்வின் இடத்தைப் பிடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. வாக்கரின் நிறுவனம் 1967-இல் டிரான்சிஸ்டரால் ஆன 'குவாட் 303' என்பதையும், 1975-இல் 100 வாட் திறனுள்ள 'குவாட் 405' என்பதையும் வெளியிட்டது.

நம் நாட்டில் அக்காலத்து நிலை வேறு. அயல்நாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மிகுதி, சுங்கமும் மிகுதி. எனவே உள்நாட்டுத் தயாரிப்புகளும் கைவினைஞர்கள் பொருத்திய பெட்டிகளுமே வீடுகளில் இடம் பெற்றன. 1940 முதல் அகுஜா நிறுவனம் பொதுக்கூட்டப் பெருக்கிகளைச் செய்து வந்தது. 1970-இல் கல்கத்தாவில் சோனோடைன் தோன்றியது. சென்னை ரிச்சித் தெருவிலும், எர்ணாகுளத்தில் பள்ளிமுக்கிலும் உதிரி உறுப்புகளை வாங்கிக்கொண்டு போய், சூட்டுக்கோலும் ஈயமும் கொண்டு தாமே பெருக்கி அமைத்த இளைஞர்களின் கதைகள் இன்றும் கேட்கக் கிடைக்கும். பழுதானால் தூக்கி எறிவது அப்போது வழக்கமில்லை. பழுது பார்ப்பதே வழக்கம்.

மட்டாஞ்சேரிக்கு இவ்விஷயத்தில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தமிழர், கொங்கணியர், குஜராத்தியர், யூதர், தக்காணத்து முஸ்லிம்கள் என்று பல மொழியினர் நெருங்கி வாழ்ந்த அச்சிற்றூரில், மாடி அறைகளில் ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பாடும் கூட்டங்கள் வழிவழியாக நடந்து வந்தன. 1926-இல் பிறந்து 1981-இல் மறைந்த மெஹ்பூப், திரைப்படங்களில் பாடிப் புகழ் பெற்ற பின்னரும் கலியாண வீடுகளிலும் நண்பர் கூட்டங்களிலும் பாடுவதை விடவில்லை. 2018-இல் மறைந்த கசல் பாடகர் உம்பாயியும் அவ்வூர் மரபில் வந்தவரே. கேட்பவரின் முழங்காலுக்கு இரண்டு முழ தூரத்தில் பாடகர் அமர்ந்திருக்கும் அக்கூட்டத்தில் பெருக்கிக்கு வேலையே இல்லை. நம் பெரியவர் இளமையில் அத்தகைய கூட்டங்களில் கேட்டுப் பழகியவர். அந்த நெருக்கத்தையே அவர் தம் கூடத்துப் பெட்டியிடமும் எதிர்பார்க்கிறார் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, புதிய பெருக்கி பழையதைவிட நன்றாகப் பாடுமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை காண முறையான சோதனைகள் நடந்திருக்கின்றன. 1978-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியலறிஞர், முன் சொன்ன 'குவாட்' பெருக்கிகள் மூன்றையும், அதாவது 1953-ஆம் ஆண்டின் வால்வுப் பெருக்கியையும் பின்வந்த டிரான்சிஸ்டர்ப் பெருக்கிகள் இரண்டையும், எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, பழகிய காதுகள் உடையோரைக் கேட்கச் செய்தார். அவர்களால் ஒன்றிலிருந்து மற்றொன்றை நம்பத்தக்க வகையில் பிரித்தறிய முடியவில்லை. 1987-ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்னும் அமெரிக்கப் பத்திரிகையும் இத்தகைய சோதனை ஒன்றை வெளியிட்டது. சுமார் 220 டாலர் விலையுள்ள கருவியும் 12,000 டாலர் விலையுள்ள கருவியும் அதில் இருந்தன. முடிவு, நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்கு ஒப்பாகவே அமைந்தது.

இதிலிருந்து எல்லாப் பெருக்கியும் ஒன்றே என்று கொள்வது தவறு. சோதனைகளில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒலியின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்குமாறு சரிசெய்யப்பட்டது; எந்தப் பெருக்கியும் தன் எல்லையைத் தாண்டி உழைக்குமாறு விடப்படவில்லை. முதல் நிபந்தனை மிக முக்கியமானது. இரண்டு ஒலிகளில் ஒன்று இம்மியளவு உரத்திருந்தாலும், காது அதை 'உரத்தது' என்று சொல்லாது. 'தெளிவானது' என்று சொல்லும். கடையில் புதிய பெருக்கி நமக்கு இனித்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது நிபந்தனையும் கருதத்தக்கதே. திறன் போதாத பெருக்கியை முறுக்கினால், ஒலியலையின் உச்சி வெட்டுண்டு கரகரக்கும். மின்தடை குறைந்த, பசி மிகுந்த ஸ்பீக்கர்களைச் சில பெருக்கிகளால் ஓட்ட முடியாது. அத்தகைய இடங்களில் பெருக்கியை மாற்றுவது நியாயமே.

அப்படியானால் எத்தனை வாட் வேண்டும்? இங்கேதான் நம் எண்ணம் வழி தவறுகிறது. 30 வாட்டைவிட 60 வாட் இருமடங்கு உரக்க ஒலிக்கும் என்று நினைக்கிறோம். காது அப்படிக் கணக்கிடுவதில்லை. அது கூட்டலில் அளப்பதில்லை, மடங்கில் அளக்கிறது. ஆகவேதான் 1920-களில் தொலைபேசிப் பொறியாளர்கள் மடங்குகளைக் குறிக்கும் ஓர் அளவை வகுத்து, அதற்குப் பெல்லின் பெயரையே இட்டனர். அதில் பத்தில் ஒரு பங்கே டெசிபெல். திறனை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்; கேட்பவர் 'சற்று உயர்ந்தது' என்பார். ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதாவது திறன் பத்து மடங்காக வேண்டும். 30 வாட்டுக்கு மாறாக 300 வாட் வேண்டும். பெரியவரின் மகன் வாங்க நினைத்த 100 வாட் பெருக்கி கூட்டிக்கொடுப்பதோ 5 டெசிபெல்தான்.

மட்டாஞ்சேரிக் கூடத்துக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் பெற்றால் ஒரு மீட்டர் தொலைவில் சுமார் 87 டெசிபெல் ஒலியைத் தரும். மூன்று மீட்டருக்கு அப்பால் நாற்காலி இருந்தாலும், நிறைவாகக் கேட்பதற்கு ஒரு வாட்டில் கால் பங்கு போதும். தவிலோ மிருதங்கமோ திடீரென்று முழங்கும் கணத்தில் அதைப்போல் நூறு மடங்கு தேவைப்படலாம். அப்போதும் 25 வாட்டுக்குள் அடங்கிவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய அத்தெருவில் அதற்கு மேல் ஒலிக்கச் செய்ய மனமும் வராது, சட்டமும் இடம் தராது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். அம்மையாரின் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெருக்கியால், மூலத்தில் இல்லாததைத் தர இயலாது. மத்திய அலை வானொலியின் வழியே வரும் ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். சென்னையில் 1977-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் தொடங்கிய பண்பலை ஒலிபரப்பு 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். 78 சுழற்சி இசைத்தட்டில் கிட்டப்பாவைக் கேட்பவர் எத்தனை விலையுயர்ந்த பெருக்கியை வைத்தாலும், அன்று மெழுகில் பதிந்தது மட்டுமே வெளிவரும்.

இவ்வளவும் அறிந்த பின் நாம் பெரியவரின் பெட்டியைப் பார்க்கச் சென்றோம். உடன், பள்ளிமுக்கில் பல்லாண்டு தொழில் செய்த பழுது பார்ப்பவர் ஒருவரும் வந்தார். இசைத்தட்டே வைக்காமல் பெருக்கியை இயக்கினார். அப்போதும் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறுவது. பெருக்கிக்குள் அதை நேராக்கும்போது 100 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று எஞ்சி நிற்கும். அதை விழுங்கிக்கொள்வது மின்தேக்கியின் கடமை. அலுமினியத் தகடும் திரவம் தோய்ந்த தாளும் சுருட்டி அடைத்த அந்தச் சிறு குப்பி நாளடைவில் உலர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நாற்பதாண்டு காலமாகக் கொச்சியின் வெக்கையில் உழைத்த மின்தேக்கிகள் அவை. கேரளத்துக்கு அப்பொருள் புதிதன்று. 1973-இல் தோன்றிய கெல்ட்ரான் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஆலையொன்று கண்ணூர் மாவட்டத்தில் பல்லாண்டுகளாக மின்தேக்கிகளைச் செய்து வருகிறது. நான்கு மின்தேக்கிகளை மாற்றியவுடன் இரைச்சல் அடங்கிவிட்டது.

அடுத்து ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றினார். கூம்பின் விளிம்பைச் சுற்றி இருந்த நுரை வளையம் ஈரக்காற்றில் இற்று, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. கம்பி முனைகளில் உப்புக்காற்றால் பச்சை பூத்திருந்தது. புதிய வளையம் ஒட்டிக் கம்பிகளை நறுக்கி மீண்டும் இணைத்தார். புதிய பெருக்கியின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை. எந்த நூறு வாட் பெருக்கியை வாங்கியிருந்தாலும், இற்றுப்போன அந்த விளிம்பின் வழியேதான் அதுவும் பாடியிருக்கும்.

எல்லாம் முடிந்து இசைத்தட்டு சுழன்றது. கூடம் நிறைந்தது. பெரியவர் சிறிது நேரம் கண்களை மூடிக் கேட்டுவிட்டு, "இரைச்சல் போய்விட்டது. ஆனால் சாகித்தியம் இன்னும் தெளிவாக இல்லையே, தம்பி" என்றார். அப்போது தரையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி, தலையை நிமிர்த்தாமலே அந்தப் பாட்டின் அடியை ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளை. உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வில் வலிமையோடு ஒலிப்பவை, அவை கேட்கும். சகரம், டகரம், தகரம் போன்ற மெய்களின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், மெலிந்த ஒலியாக அமைந்திருக்கிறது, அது நழுவும். ஆகவே ராகம் கேட்கும், சாகித்தியம் கேட்காது. பெரியவர் முதல் நாளே தம் நோயைத் தம் வாயால் மிகச் சரியாகச் சொல்லியிருந்தார். பெட்டியைப் பற்றிச் சொல்லுகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். திறன் மிகுந்த பெருக்கியை வாங்கி முறுக்கியிருந்தால், கேட்கும் ஒலிகள் மேலும் முழங்கி, கேளாத ஒலிகளை மூடியிருக்கும். காதுக்கும் கேடு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

காது கேட்கும் கருவி என்றதும் அவர் முகம் சுருங்கியது. "அதெல்லாம் செவிடருக்கு அல்லவா?" என்றார். அப்போது நாம் படித்த வரலாறு நமக்குக் கைகொடுத்தது. தொலைபேசி கண்ட பெல்லின் தாயார் செவித்திறன் குன்றியவர். மனைவி செவித்திறன் அற்றவர். செவிப்புலன் குறைந்தோர்க்குக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். டிரான்சிஸ்டர் பிறந்ததும் அதை விலைப்பொருளாக முதலில் ஏற்றுக்கொண்டது வானொலிப் பெட்டியுமன்று, இசைப் பெருக்கியுமன்று. 1952-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த காது கேட்கும் கருவியே அது. பெல்லின் நினைவைப் போற்றி, அத்தகைய கருவிகளுக்கு மட்டும் உரிமைத் தொகை வேண்டாம் என்று பெல் ஆய்வுக்கூடத்தார் விட்டுக்கொடுத்தனர். "ஐயா, இதுவும் ஒரு பெருக்கிதான். வீட்டில் உள்ள பெருக்கிக்கு அண்ணன். வாட் கணக்கில் மிகமிகச் சிறியது, ஆனால் உங்களுக்கு எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் பார்த்துப் பெருக்கும்" என்றோம். அவர் விடை கூறவில்லை. இரண்டு வாரம் கழித்து, செவிப் பரிசோதனைக்கு உடன் வர முடியுமா என்று அம்மையார் நம்மைக் கேட்டார்.

பரிசோதனையில் நாம் ஐயுற்றதே உறுதியாயிற்று. மகன் பெருக்கிக்காக ஒதுக்கிய பணம் கேட்கும் கருவிகளுக்குச் செலவாயிற்று. அவை பெரும்பாலும் பேச்சுக்கென்று சீரமைக்கப்படுபவை. ஆதலின் சங்கீதத்துக்கெனத் தனியாகச் சரிசெய்யுமாறு கேட்டு, மூன்று முறை போய்வர வேண்டியிருந்தது. அவற்றை அணிந்து முதன்முதலாக இசைத்தட்டைக் கேட்ட மாலையில், பெரியவர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தட்டில் இவ்வளவு தூசியா? துடைக்கவே இல்லையா?" என்று பேத்தியைக் கடிந்துகொண்டார். முள் உராயும் மெல்லிய ஓசை பல ஆண்டுகளாக அவர் செவிக்கு எட்டாமல் இருந்தது!

புதிய பெருக்கி எவருக்கும் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பழையது அதிர்ச்சி தருகிறது, உறுப்புகள் கிடைக்கவில்லை, பெரிய மண்டபத்துக்கு மாறுகிறோம், ஸ்பீக்கரின் பசிக்கு அது ஈடுகொடுக்கவில்லை, இவற்றுள் ஏதேனும் ஒன்று உண்டானால் தயங்காமல் மாற்றலாம். இக்காலத்து 'டி' வகைப் பெருக்கிகள் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன, சூடும் குறைவு, சிற்றுருவம். ஆனால் மாற்றுமுன் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும். மூலப் பதிவு எப்படி? கம்பியும் முனையும் எப்படி? மின்தேக்கி உலர்ந்துவிட்டதா? ஸ்பீக்கரின் விளிம்பு இற்றுவிட்டதா? அது சுவர் மூலையில் ஒடுங்கி நிற்கிறதா? அதே அறையில் ஒரு குழந்தைக்கு எப்படிக் கேட்கிறது? ஒலிச் சங்கிலியில் மிக முந்தித் தேர்ச்சி பெற்ற கண்ணி பெருக்கியே என்பதை மேலே சொன்ன வரலாறு காட்டுகிறது. அதை மாற்றும் எண்ணம் இவ்வரிசையில் கடைசியாக வருவதே முறை.

பெரியவரின் 30 வாட் பெருக்கி இன்றும் அதே மர அலமாரியில் இருக்கிறது. அவர் இப்போது அதன் குமிழை முன்பு திருப்பியதில் பாதி அளவே திருப்புகிறார் என்று அம்மையார் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார்.